கதிரவன் காவல் காத்த களைகள்

டெல்லியில் களையைக் காப்பாற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? கதிரவனின் மாமியாரே கடைசிவரை நம்பவில்லை. "மாப்பிள்ளை விவசாய ஆபீஸ்ல பெரிய வேலையில இருக்காரு" என்று ராசிபுரத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்த அந்த அம்மாள், ஒருமுறை நேரில் வந்து பார்த்தாள். இடுப்பளவு புல்லும் பூண்டும் மண்டிக் கிடந்த பாத்திகளின் நடுவே மருமகன் நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். மகளைத் தனியாக அழைத்துப்போய், "ஏஞ்சாமி, இந்த மனுசன் குனிஞ்சு ஒரு புல்லையாவது புடுங்க மாட்டாரா?" என்று கேட்டாள்.

பிடுங்கினால் வேலைக்கே ஆபத்து. அதை அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஜனக்புரியைத் தாண்டி நஜஃப்கட் போகும் வழியில் இருக்கிறது அந்த ஆராய்ச்சிப் பண்ணை. கதிரவன் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். வயது ஐம்பத்தேழு. இருபத்தைந்து வயதில் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ பயிரை அளந்திருக்கிறார், நிறுத்திருக்கிறார், காயவைத்திருக்கிறார். அவர் எடுத்துக் கொடுத்த கணக்கில் கட்டுரை எழுதி டாக்டர்கள் பலர் பெரிய பதவிக்குப் போய்விட்டார்கள். கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில்கூட இவர் பெயர் வந்ததில்லை. பெயர் அச்சில் வந்த ஒரு கட்டுரையாவது இருந்தால்தான் தொழில்நுட்ப அதிகாரி ஆக முடியும் என்பது விதி. ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். அந்த ஒரு கட்டுரைக்காகத்தான் அந்த மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

அது கடைசியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் வடிவில் வந்தது.

சர்க்கரைவள்ளியில் ஆறு வகை, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டவை. எந்த வகை களையோடு போராடிப் பிழைக்கும், எந்த வகை தோற்றுப்போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வகையையும் இரண்டு விதமாக நட்டார்கள். ஒரு பாத்தியில் களை எடுப்பார்கள். பக்கத்துப் பாத்தியில் எடுக்கவே கூடாது. இதையே பண்ணையின் மூன்று இடங்களில் திரும்பச் செய்தார்கள். மொத்தம் முப்பத்தாறு பாத்தி. ஜூலை மழையில் கொடியை ஊன்றினால் நவம்பரில் கிழங்கு. களை எடுத்த பாத்தியில் பத்துக் கிலோ வந்து, எடுக்காத பாத்தியில் ஒன்பது வந்தால் அந்த வகை வீரன். மூன்று வந்தால் நோஞ்சான். அவ்வளவுதான் விஷயம்.

முதல் ஆறு வாரம்தான் உயிர்ப் போராட்டம். அதற்குள் கொடி படர்ந்து இலையால் தரையை மூடிவிட்டால், அடியில் கிடக்கும் களை வெயில் கிடைக்காமல் வெளுத்துச் செத்துப்போகும். மூடாவிட்டால் களை மேலேறிக் கொடியை அமுக்கிவிடும். எண் இரண்டு, எண் ஐந்து எல்லாம் ஓடிப் படரும் ஜாதி. எண் நான்கு மட்டும் ஓடாது. இருந்த இடத்திலேயே குட்டைப் புதராக நிற்கும், இலையும் சிறிது. ஆனால் கிழங்கோ குங்குமச் சிவப்பு. சுட்டால் பாகு ஒழுகும்.

சோதனை தொடங்கிய நாளிலிருந்து கதிரவனுக்கு நிம்மதி இல்லை. களை எடுக்காத பாத்தியைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கை துறுதுறுத்தது. கூலியாட்களின் மேஸ்திரி, "பாபுஜி, ஒரு நாள் ஆளைவிட்டா சுத்தமாயிடும்" என்று வாரம் தவறாமல் சொன்னான். மேலதிகாரி ஒருவர் ஜீப்பை நிறுத்தி, இவ்வளவு சோம்பேறித்தனமா என்று ஆட்கள் முன்னால் திட்டினார். எருமை வைத்திருந்த ஒருவன் அரிவாளோடு வேலி தாண்டியே வந்துவிட்டான். இந்தியில் ஒரு பலகை, ஆங்கிலத்தில் ஒரு பலகை, 'களை எடுக்காதீர்கள்' என்று நட்டுவைத்தார். பலகையைச் சுற்றியிருந்த களையை யாரோ புண்ணியவான் சுத்தமாகச் செதுக்கிவைத்திருந்தான், எழுத்து தெரியட்டும் என்று!

முதல் வருடம் எண் நான்கு படுதோல்வி. பத்துக் கிலோவுக்கு மூன்று கிலோ. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். இரண்டாம் வருடம் அதே எண் நான்கு, பத்துக்கு எட்டரை கொடுத்தது. மூன்றாம் வருடமும் எட்டரை!

சோதனையின் தலைவியான டாக்டர் ஜ்யோத்ஸ்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. களத்தில் குனிந்து குனிந்து பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். எண் நான்கின் பாத்தியில் கோரையும் புல்லும் இருந்தன. அகன்ற இலைக் களைகள்தான் குறைந்திருந்தன.

"கதிரவன் ஜி, இதோட வேர்லேருந்து ஏதோ ஒண்ணு கசியறது. அது அந்தக் களையை மட்டும் முளைக்க விடமாட்டேங்கறது. சோச்சியே, நீங்களே யோசிச்சுப் பாருங்கோ! முதல் வருஷம் மழை ஜாஸ்தி, அது கரைஞ்சு போயிருக்கும்."

"இருக்குமுங்க மேடம். எனக்கும் அப்படித்தான் படுது."

அவருக்கு அப்படித்தான் பட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் களைகளையெல்லாம் கதிரவன் நோட்டில் லத்தீன் பெயரில்தான் எழுதுவார். முப்பது வருடமாக எழுதி எழுதி, அவை தன் ஊர் வரப்பிலும் முளைத்தவை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

டிசம்பர் முதல் வாரம். மூன்று நாளாகப் புகைமூட்டத்தில் மறைந்திருந்த சூரியன் அன்று பகலில்தான் எட்டிப் பார்த்தது. ஜ்யோத்ஸ்னா அவரை அறைக்குக் கூப்பிட்டு, கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். அறிக்கையின் முதல் பக்கம். அவள் பெயருக்கு அடுத்து, அதே அளவு எழுத்தில், கதிரவன் பெயர்.

"நாளன்னிக்குக் கூட்டத்துல இதைப் படிக்கறேன். களை எடுக்க ஆள் கிடைக்காத விவசாயிக்கு எண் நான்கு. அப்புறம் பத்திரிகைக்கு அனுப்பிடலாம். நீங்க இல்லேன்னா இது இல்லை."

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

பண்ணையின் ஓரத்திலேயே குவார்ட்டர்ஸ். முதல் வருடம் ஜனக்புரியில் வாடகை வீடு. இரண்டாம் வருடம் ஜூன் மாதத்தில்தான் இது கிடைத்தது. பின்கதவைத் திறந்தால் பாத்திகள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே கூவினார்.

"லீலா! பேர் வந்துருச்சு லீலா! நம்ம நாலாம் நம்பர் ஜெயிச்சிருச்சு!"

லீலாவதி கரண்டியோடு வந்தாள். கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் மகள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எதுங்க, அந்தக் குட்டையாப் புதராட்டம் நிக்குமே, அதுங்களா? அட, எங்க பாத்தி!"

கதிரவன் சிரித்துக்கொண்டே தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கவளம் பிசைந்தார். கை நின்றது.

"எங்க பாத்தின்னா?"

"நாங்க கீரை பறிக்கற பாத்திங்க."

"என்ன கீரை?"

"தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, குப்பைக்கீரை... டெல்லியில எந்த சப்ஜிவாலாகிட்டங்க கிடைக்குது இதெல்லாம்? மருந்தடிக்காத கீரை. நீங்கதான் ரெண்டு வருசமா ருசிச்சு ருசிச்சுத் தின்னீங்களே!"

ஐயோ, அந்த நிமிடம் அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"துவாரகா தமிழ்செல்வி குடுத்தான்னு சொன்னியே லீலா..."

"அவதானுங்க பங்கு பிரிச்சுக் குடுப்பா. பறிக்கறது எல்லாரும். புதன்கிழமை நீங்க ஹெட் ஆபீஸ் போயிருவீங்கல்ல, அப்ப ஒன்பது பேரு வருவோம். வேரோட இளசாப் புடுங்கினாத்தான் கடைசலுக்கு நல்லாருக்கும்."

"அத்தனை பாத்தி இருக்கே! ஏன் அந்த நாலாம் நம்பர்லயே...?"

லீலாவதிக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க பொழப்பைக் கெடுக்கறவளா நானு? மத்ததுல கொடி கால் வைக்க எடமில்லாம ஓடுது. மிதிச்சா உங்க கிழங்கு போயிருமில்லீங்களா? அது ஒண்ணுதான் ஓடாம நிக்குது. சுத்தி எடமிருக்குது. மூணு எடத்துலயும் அதை மட்டும் அடையாளம் காட்டி, 'இங்க மட்டும்தான் எறங்கோணும், கொடியில கால் பட்டா நான் சும்மா இருக்கமாட்டே'ன்னு எல்லாருகிட்டயும் கண்டிசனாச் சொல்லிவெச்சிருக்கறேன். உங்க மேடத்தோட அம்மா ஹம்சா மாமியே சேலையைத் தூக்கிச் செருகிட்டு அத்தனை பதனமா நடப்பாங்க."

"யாரு? மேடத்தோட அம்மாவா?"

"அவிங்கதானுங்க முதல் ஆளா வர்றது."

கதிரவன் தட்டைத் தள்ளிவைத்தார். வேரிலிருந்து எந்தச் சாறும் கசியவில்லை. கோரையை விட்டுவிட்டுத் தொய்யக்கீரையை மட்டும் தேடித் தேடி அழித்தது எண் நான்கின் வேர் அல்ல. ஒன்பது தமிழ்க் குடும்பங்களின் நாக்கு!

"பலகை வெச்சிருந்தனே லீலா. களை எடுக்கக்கூடாதுன்னு ரெண்டு பாசையில வெச்சிருந்தனே!"

"களையை யாருங்க எடுத்தா? கோரையை ஒருத்தி தொட்டிருப்பாளா? கேளுங்க வேணும்னா."

அடிக்கவும் முடியாது, அழவும் முடியாது. அவர் மேல் இருந்த அக்கறையில் அவள் செய்த ஒரே காரியம், எந்த வகை தோற்க வேண்டுமோ அதையே கைகொடுத்துத் தூக்கிவிட்டிருந்தது. அவள் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தால், எல்லாப் பாத்தியிலும் இஷ்டத்துக்கு மிதித்துப் பறித்திருந்தால், இப்படி ஆகியிருக்காது. அன்புதான் ஆளைக் கவிழ்த்தது.

வெளியே வெயிலில் போய் நின்றார். கிழங்கு தோண்டி முடித்த பாத்திகள் வெறும் மண்ணாகக் கிடந்தன. யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்பது பெண்களுக்குக் கீரை தெரியும், அறிக்கை தெரியாது. கூட்டத்துக்கு வருகிற பெரியவர்களுக்கு அறிக்கை தெரியும், கீரை தெரியாது. இரண்டும் தெரிந்தவர் டெல்லியிலேயே அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டால் பெயர் அச்சில் வரும். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த பெயர்.

பின்னால் லீலாவதி வந்து நின்றாள். அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"நான் ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டனுங்க. அவிங்களையும் சொல்ல வேண்டாம்னுடறேன்."

"அதுதான் லீலா பயமா இருக்குது" என்றார் கதிரவன். அப்படியே சட்டையை உதறிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

ஜ்யோத்ஸ்னா முழுவதையும் கேட்டாள். முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது.

"மஸாக் பண்ணாதீங்கோ கதிரவன் ஜி."

"இல்லீங்க மேடம்."

"எங்கம்மாவா?"

"ஆமாங்க."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "ஹே பகவான். மழைக்காலத்துல ஒவ்வொரு புதன்கிழமையும் எங்காத்துல கீரை மசியல். நான் கேக்கறேன், எங்கேம்மா வாங்கினேன்னு. தெரிஞ்சவா குடுத்தான்னு சொல்றா! என்னோட டேட்டாவை நானே சாப்பிட்டிருக்கேன். நெய் விட்டு!"

மூலையில் ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் திரையில் தெரிந்த இரண்டு பெயர்களையும் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "கூட்டத்துல யாரும் கேக்கப் போறதில்லை. உங்களுக்குப் ப்ரமோஷனுக்கு வேற சான்ஸ் வருமான்னும் தெரியலை. நீங்களே சொல்லுங்கோ."

பாவி மகள், பந்தை இவர் கையில் போட்டுவிட்டாள். கதிரவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல், லீலாவதி மேல், தொய்யக்கீரையின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, புதன்கிழமை புதன்கிழமை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்ற தன் மேல்.

"நம்ம பேச்சைக் கேட்டு ஒரு விவசாயி இதை நட்டுட்டு, களை எடுக்காம விட்டுருவானுங்க மேடம். அவன் காட்டுக்குப் புதன்கிழமை புதன்கிழமை ஒன்பது பொம்பளைங்க கூடையோட வருவாங்களா? பத்துக்கு மூணுதான் அவனுக்கு. நட்டாத்துல விட்ட மாதிரிங்க. எடுத்துருங்க."

அவள் எண் நான்கின் இரண்டு வருடக் கணக்கையும் நீக்கினாள். அறிக்கையில் மிச்சம் நின்றது, படர்கிற கொடி களையை அமுக்கும் என்கிற எல்லோருக்கும் தெரிந்த சேதி. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் படித்து முடித்துவிட்டார்கள். அதைப் பத்திரிகைக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை என்று ஜ்யோத்ஸ்னாவே சொல்லிவிட்டாள். கதிரவனின் பெயர் காகிதக் கட்டுக்குள் போய் அலமாரியில் உட்கார்ந்தது.

ஒரு வாரம் அவர் வீட்டில் பேசவில்லை. லீலாவதி பருப்பும் ரசமுமாக வைத்தாள், பச்சையாக ஒன்றும் வைக்கவில்லை. எட்டாவது நாள் அவளே மௌனத்தை உடைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறனுங்க. கோவிச்சுக்காதீங்க. நாங்க பறிச்சதாலதானுங்களே அதுக்குக் கிழங்கு வந்துச்சு? முழுசா யாரும் களை எடுக்கலையே. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் சிரிச்சுப் பேசிட்டுத்தான் பறிச்சோம். ஆறேழு வாரத்துக்கு மேல கீரை முத்திரும், போறதில்லை. அதுக்கே எட்டரை வந்துச்சுன்னா, அது ஒண்ணுமே இல்லைங்களா?"

கதிரவன் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் ஆறு வாரம்! இந்தப் பொம்பளைக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கீரை சொல்லியிருக்கிறது.

மறுநாள் காலையில் ஜ்யோத்ஸ்னாவிடம் ஓடினார். அவள் நகத்தைக் கடித்தாள். "எவ்வளவு பறிச்சான்னு எடை இல்லை. எந்தத் தேதின்னு இல்லை. இதை எழுத முடியாது. ஆனா திரும்பப் பண்ணலாம்." அடுத்த ஜூலையில் பண்ணையின் மூன்று இடங்களிலும் எண் நான்குக்கு மூன்றாவதாக ஒரு பாத்தி வந்தது. களை எடுத்தது ஒன்று, எடுக்காதது ஒன்று, பெண்கள் கீரை பறிப்பது ஒன்று. ஆறு வாரம், புதன்கிழமை பத்து மணி. பறித்ததை நிறுத்து, எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். பெயர் அச்சில் வர அதுதான் கடைசி வழி.

ஆகஸ்டில் முதல் புதன்கிழமை. கதிரவன் தராசோடு காலை ஒன்பதரைக்கே போய் நின்றார். பத்தரை ஆயிற்று. பின்கதவு வழியாக லீலாவதி மட்டும் வந்தாள்.

"எங்க மத்தவங்க?"

"நீங்களே கேளுங்க" என்று தமிழ்செல்விக்குப் போன் போட்டு நீட்டினாள். தமிழ்செல்வி துவாரகாவில் இருக்கிறாள். சொந்த ஊர் மதுரை, பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"அண்ணே, போன வருசம் நாங்களா வந்தோம், ஜாலியா இருந்துச்சு. இப்ப பத்து மணிக்கு வா, எடை போடு, கையெழுத்துப் போடுன்னா எப்படிண்ணே? ஆபீஸ் வேலையாவுல ஆக்கிட்டீங்க!"

"ரெண்டு வருசம் வாங்கன்னு சொல்லாமலே வந்தீங்களேம்மா. இப்ப வாங்கன்னு கெஞ்சறேன், வரமாட்டேங்கறீங்களே!"

"கீரையையும் தரமாட்டீங்களாமேண்ணே? லீலாக்கா சொன்னாக."

"காயவெச்சு நிறுக்கணும்மா. ஆபீஸ்ல காயவைக்கற பெரிய ஓவன் இருக்குது. ரெண்டு நாள் அதுல வெச்சாத்தான் கணக்கு."

"நல்லாருக்கே! கிடைக்காத கீரையைப் பறிச்சு உங்ககிட்ட குடுப்போமாம், நீங்க கருக்கிப் போடுவீங்களாம். இதுக்கு ஆட்டோ புடிச்சு வேற வரணுமா?"

கதிரவன் போனைக் காதிலிருந்து எடுத்து, வானத்தைப் பார்த்தார். கொசுவும் வியர்வையுமாகக் காத்திருந்த காலை. காலடியில் தொய்யக்கீரை தளதளவென்று நின்றது. ஒரு வாரம் விட்டால் முத்திவிடும். முத்தினால் சோதனை போச்சு. அந்தக் கீரைக்கு இவருடைய முப்பத்திரண்டு வருடப் பதவி ஏக்கம் தெரியுமா, என்ன?

"எல்லாத்தையும் பச்சையா நிறுத்துக்கலாம்" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கைப்பிடிதான் எனக்கு. காயவைக்க அது போதும். மீதி உங்களுக்கு. மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்படிச் சொல்லுங்க. அரை மணில வந்துர்றோம். பங்கு பிரிக்கிறது நான்தாண்ணே, அதை யார்கிட்டயும் விட்டுராதீக!"

அரை மணி நேரம், ஒன்றேகால் மணி நேரமானது. மூன்று ஈ-ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். முழங்கால் வலி என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்த ஹம்சா மாமிதான் முதலில் பாத்தியில் இறங்கினாள். "ஏன்டா கதிரவா, இந்தச் சாரணையை நன்னா விட்டு வெச்சிருக்கயே!" என்று பாராட்டுப் பத்திரம் வேறு. அடுத்த ஒரு மணி நேரம் அவர் தொண்டை வற்றக் கத்தினார். பக்கத்துப் பாத்தியில் கை வைக்காதீர்கள், மண்ணை உதறிவிட்டுப் போடுங்கள், தராசில் கூடையோடு வைக்காதீர்கள். யாரும் காதில் வாங்கவில்லை. யார் வீட்டு மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பதுதான் அங்கே முக்கியமான விஷயமாக இருந்தது.

ஆனால் கோரையை ஒருத்தியும் தொடவில்லை. அதை மட்டும் அவர் கவனித்தார்.

மூன்று இடத்துக் கீரைப் பாத்தியிலும் சேர்த்து நாலு கிலோ எழுநூறு. நோட்டில் எழுதி, நீட்டினார். ஒவ்வொருத்தியும் மண் கையோடு கையெழுத்துப் போட்டாள். ஹம்சா மாமி இரண்டு வரி இடத்தை எடுத்துக்கொண்டாள். எண் நான்கு என்ன செய்யப்போகிறது என்பது நவம்பரில், மண்ணைத் தோண்டும்போதுதான் தெரியும். இன்னும் ஐந்து புதன்கிழமை இந்தக் கூட்டத்தை மேய்த்தாக வேண்டும்.

வண்டிக்கு நேரமாயிற்று என்று கூடைகள் கிளம்பின. கதிரவன் பேனாவைத் தேடி எடுத்து, ஒன்பது கையெழுத்துக்கும் கீழே, பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த குறுகிய இடத்தில், பத்தாவதாகத் தன் பெயரை முழுவதுமாக எழுதினார்.